ஊருக்கெல்லாம் ஒரே தண்ணீர் இல்லை

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டில் குடிநீரில் ஆர்சனிக் என்று பேச்செடுத்தால், பசளையும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலும் சேர்ந்து நிலத்தடி நீர் முழுவதையும் நஞ்சாக்கிவிட்டன என்பார் சிலர். எங்கள் கிணற்றில் நல்ல தண்ணி, பயமில்லை என்பார் வேறு சிலர். இரு தரப்புமே ஊருக்கெல்லாம் ஒரே தண்ணீர் என்று எண்ணுகின்றன. ஆர்சனிக் விடயத்தில் அந்த எண்ணமே பிழை.

வடமத்திய மாகாணச் சிறுநீரக நோய்க்குக் கிருமிநாசினியிலுள்ள ஆர்சனிக்தான் காரணமா என்று 2011இல் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு, ஆர்சனிக் என்றதுமே கிருமிநாசினிதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் மன்னார்த் தீவைப் பாருங்கள். அங்கே அனல்மின் நிலையம் கிடையாது. அப்படியிருந்தும் அத்தீவின் மணல்நிலத்தில், ஆழமில்லாத நீரிலேயே, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 10 மைக்ரோகிராமை மிஞ்சிய ஆர்சனிக் இருப்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தினரும் ஜேர்மன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்டார்கள். அது மண்ணிலிருந்தே வந்தது.

வண்ணாத்திவில்லுப் பக்கத்துச் செம்மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் சிவப்பு ஒட்டிக்கொள்ளும். மணலின் மேல் படிந்த இரும்புத்துரு அது. இத்தகைய துரு ஆர்சனிக்கைப் பற்றிப் பிடித்து வைக்கும். கண்டல் சேறு போன்ற மக்கிய பொருள் புதைந்த இடத்தில் நுண்ணுயிர்கள் முதலில் ஒட்சிசனையும், பிறகு நைத்திரேற்றையும், அதுவும் தீர்ந்தால் இரும்புத்துருவையும் பயன்படுத்துகின்றன. துரு கரையும்போது ஆர்சனிக் நீரில் இறங்குகிறது. காரத்தன்மையும் இருகாபனேற்றும் மிகுந்த நீரும் துருவிலிருந்து ஆர்சனிக்கைக் கழற்றிவிடும். களப்பு ஓரத்துச் சேறும் மணல்மேடும் சில நூறு யார் இடைவெளியில் மாறிமாறி வரும் நிலத்தில் எல்லாக் கிணறும் ஒன்றுபோல் இருக்க வழியில்லை.

வெங்காயம், மிளகாய்ச் செய்கையால் கற்பிட்டி நீரில் நைத்திரேற்று ஏறியிருப்பது பலமுறை அளந்தறிந்த உண்மை. ஆனால் நைத்திரேற்று மிகுந்த நீரில் இரும்புத்துரு கரைவது தடைப்படுவதால், ஆர்சனிக் துருவோடேயே தங்கிவிட வாய்ப்புண்டு. நைத்திரேற்றுக்கான பரிசோதனையை வைத்து ஆர்சனிக்கை ஊகிக்க முடியாது. இது பசளைக்கு நற்சான்று அல்ல. நைத்திரேற்று கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. பசளையிலுள்ள பொசுபேற்றோ துருவிலிருந்து ஆர்சனிக்கைத் தள்ளிவிடக்கூடியது. நிலக்கரிச் சாம்பலிலும் ஆர்சனிக் உண்டு. சாம்பல் மேட்டின் கசிவைக் கண்காணிப்பது அரசின் கடமை. ஆனால் பழி முழுவதையும் அங்கே போட்டுவிட்டால், மண்ணிலிருந்தே ஆர்சனிக் இறங்கும் கிணறுகளை யாரும் பரிசோதிக்கப் போவதில்லை.

ஒரு கிணற்றைப் பரிசோதித்துவிட்டு ஊருக்கே முடிவு சொல்வதும் ஆகாது. பங்களாதேஷில் 2001இல் வெளியான ஆய்வு 3,534 கிணறுகளைப் பார்த்தது. 150 மீற்றருக்கு உட்பட்ட ஆழமுள்ள குழாய்க்கிணறுகளில் 27 சதவீதம், அந்நாட்டு எல்லையான 50 மைக்ரோகிராமைத் தாண்டின, மற்றவை தாண்டவில்லை. அடுத்தடுத்த வீட்டுக் கிணறுகளில்கூட ஒன்று கெட்டது, மற்றது நல்லது என்றிருந்தது. அதனால்தான் அங்கே கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள்.

இன்னும் ஆழமாக அடித்தால் நல்ல தண்ணீர் வரும் என்பது வங்காளத்தில் பல இடங்களில் பலித்தது. கற்பிட்டியில் நன்னீர் கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதிகம் ஆழப்படுத்தினால் சவர்தான் மேலே வரும்.

ருசி நன்றாயிருக்கிறதே என்பவர்களுக்கு: ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. நீர் இனிக்கிறது என்றால் உப்புக் குறைவு, அவ்வளவே. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகும். ஆர்சனிக் அப்படியே நின்று செறிவு கூடும். குளோரின் போட்டாலும் அது அகலாது.

எனவே புத்தளம் கரையோரத்தில் குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். வரட்சிக் கடைசியில் ஒருமுறை, மாரி மழை முடிந்தபின் இன்னொருமுறை. நன்னீர்ப் படை மெலிந்து தடிப்பதோடு நீரின் இரசாயனமும் மாறக்கூடும். கிணற்றின் ஆழத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும். முடிவு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால் அந்தக் கிணற்றை மூடத் தேவையில்லை. குளிக்கவும் துணி துவைக்கவும் அந்த நீர் ஆகும். குடிக்கவும் உலையில் வைக்கவும் மட்டும் வேறு நீர் வேண்டும். அது பக்கத்து வீட்டுக் கிணற்றிலேயே இருக்கவும் கூடும்.