கைதட்டலுக்குப் பின் வரும் கணக்கு

பாளையங்கோட்டைக்கு அருகேயுள்ள ஒரு கல்லூரியில் அண்மையில் நடைபெற்ற தொழில்முனைவோர் நாள் விழாவுக்குத் தலைமை தாங்க என்னை அழைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் தென்மாவட்டங்களில் பல கடைகளை நடத்தி வருபவர். சைக்கிளில் சரக்கேற்றிச் சென்று விற்ற நாள்களிலிருந்து தாம் கடந்துவந்த பாதையை ஐம்பது நிமிடங்கள் சுவைபட எடுத்துரைத்தார். அரங்கம் பலமுறை கைதட்டியது, நானும் தட்டினேன்.

விழா முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது, வணிகவியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் குறிப்பேட்டுடன் என்னிடம் வந்தார். அவருடைய தாயார் கல்லிடைக்குறிச்சியில் கூலிக்கு அப்பளம் இடுபவர். அதே அப்பளத்தைச் சொந்தப் பெயரில் உறையிட்டு விற்க வேண்டும் என்பது மகளின் எண்ணம். தாயாரின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்துத் தொடங்கலாமா என்பதே அவர் என்னிடம் கேட்க வந்த கேள்வி.

அன்றைய உரையிலிருந்து என்ன குறித்துக் கொண்டாய் என்று கேட்டேன். குறிப்பேட்டைக் காட்டினார். அஞ்சாதே, சிறிதாகத் தொடங்கு, தோல்வி வெற்றியின் முதற்படி, வேலை தேடாதே, வேலை கொடு, வாடிக்கையாளரே முதலாளி. முத்து முத்தான கையெழுத்தில் ஐந்து வரிகள். தொடங்கியபோது அவர் கையில் எவ்வளவு பணம் இருந்தது, அது யாருடைய பணம், போட்ட பணம் திரும்பி வர எத்தனை மாதங்கள் ஆயின என்று கேட்டேன்.

"அதெல்லாம் அவங்க சொல்லலை, சார். நாங்களும் கேக்கலை" என்றார்.

அந்தப் பேச்சாளரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. பொருளியல் துறையில் பணியாற்றிய காலத்தில் இத்தகைய கூட்டங்களை ஆண்டுதோறும் ஏற்பாடு செய்தவன் நான். வென்றவர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வருவேன், பொன்னாடை போர்த்துவேன், நன்றியுரையில் மாணவர்களைப் பார்த்து, நாளை இந்த மேடையில் நீங்கள் நிற்க வேண்டும் என்பேன். இன்று இக்கூட்டங்கள் பெருகிவிட்டன. மத்தியக் கல்வி அமைச்சகம் 2018-இல் தொடங்கிய புத்தாக்கக் குழுக்கள், தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், நெல்லையிலேயே வட்டார மையம் அமைத்திருக்கும் ஸ்டார்ட்அப் டிஎன் என வாய்ப்புகள் பல. வரவேற்கத்தக்கவையே. ஆனால், கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு என்ற கவலை தனியாக இருக்கிறது. அழைப்பிதழ், வருகைப் பதிவு, இடக்குறியீட்டுடன் கூடிய ஒளிப்படம் ஆகிய மூன்றும் கோப்பில் சேர்ந்துவிட்டால் நிகழ்ச்சி நிறைவுற்றதாகிவிடுகிறது.

என்னுடைய நிகழ்ச்சிகளின் விளைவு எனக்குத் தெரியவந்தது நெல்லைச் சந்திப்புப் பேருந்து நிலையத்தில். பழைய மாணவர் ஒருவர் வணக்கம் சொல்லி அருகில் வந்தார். படிப்பு முடித்தவுடன் மேலப்பாளையத்தில் நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் தொழிலைத் தொடங்கியவர். நோட்டுகள் விற்பது மே, ஜூன் மாதங்களில். அதற்கான காகிதத்தை ஜனவரியிலேயே வாங்கியாக வேண்டும். காகித வியாபாரிக்கு ரொக்கம் கொடுத்தாக வேண்டும். சரக்கை எடுத்த பள்ளிகளோ ஆயுதபூஜை கழிந்தும் பணம் தருவதில்லை. இடைப்பட்ட மாதங்களுக்கு வட்டிக்கு வாங்கினார். மூன்றாம் ஆண்டில் இயந்திரம் விற்பனைக்கு வந்தது. தாயார் பெயரில் இருந்த வீடும் கைமாறியது. இப்போது தென்காசிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறார்.

மனக்கசப்பே இல்லாமல் அவர் ஒன்று சொன்னார்: "நீங்க கூட்டிட்டு வந்தவங்க யாருமே பாக்கி வசூல் பண்றதப் பத்திப் பேசலையே, சார்."

அவருடைய தொழில் நட்டத்தில் நடக்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு நோட்டிலும் இலாபம் இருந்தது. ஏட்டில் இருந்த இலாபம் கைக்கு வருவதற்குள் கடன் கழுத்தை நெரித்துவிட்டது. நடைமுறை மூலதனம் என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட சொல் இதுதான் என்பதை அவர் தேர்வுக்குப் படித்திருந்தார். முதல் மதிப்பெண்கூட வாங்கியிருக்கக்கூடும்.

ஊக்க உரைகளால் பயனே இல்லையா என்ற கேள்வி எழலாம். ஹார்வர்டு உளவியல் பேராசிரியர் டேவிட் மெக்லெலண்ட் 1960-களில் ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறுவணிகர்களுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி அளித்தார். பயிற்சி பெற்றவர்கள் பின்னர் தொழிலில் கூடுதல் முனைப்புக் காட்டியதாக அவரும் டேவிட் விண்டரும் 1969-இல் எழுதிய நூல் கூறுகிறது. இந்தியாவின் தொழில்முனைவோர் பயிற்சிகள் பலவற்றுக்கு அதுவே முன்னோடி. அதில் நாம் மறந்துவிட்ட ஒரு செய்தி உண்டு. அங்கே அமர்ந்திருந்தவர்கள் ஏற்கெனவே தொழில் நடத்திக் கொண்டிருந்தவர்கள். கடையும் கணக்கும் கையில் இருந்தவர்களுக்கு ஊக்கம் பயன்பட்டது. நாம் அதே மருந்தை, கடையோ கணக்கோ இல்லாத இருபது வயதினருக்குக் கொடுக்கிறோம்.

இன்னோர் ஆய்வு இதைவிடப் பொருத்தமானது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவர்களை வகுப்புப் பிரிவுகளாகப் பிரிப்பார்கள். முன்பே தொழில் நடத்திப் பார்த்தவர்கள் அதிகமாக இருந்த பிரிவுகளில் படித்தவர்கள், படிப்புக்குப் பின் தொழில் தொடங்குவது கூடியதா என்று ஜோஷ் லெர்னரும் உல்ரிக் மால்மெண்டியரும் ஆராய்ந்தார்கள். கூடவில்லை, குறைந்தது. குறைந்தவை பெரும்பாலும் தோல்வியில் முடியக்கூடிய முயற்சிகளே. தேறக்கூடிய முயற்சிகள் அப்படிக் குறையவில்லை. பட்டறிவு உள்ளவர் பக்கத்து இருக்கையில் இருந்தால், இந்த யோசனை ஏன் தேறாது என்பதை அவர் தயங்காமல் சொல்லிவிடுகிறார் போலும். பொன்னாடை போர்த்திக் கொண்டவர் அப்படிச் சொல்வது கடினம்.

நம் மாணவர்கள் இன்று அடிக்கடி எடுத்துக்காட்டும் பெயர் ஸ்ரீதர் வேம்பு. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் இருந்துகொண்டு ஓர் உலக நிறுவனத்தை வழிநடத்த முடிந்தது என்பது இந்த வட்டாரத்துக்கே பெருமைதான். ஆனால், ஜோஹோவாக வளர்ந்த அந்த நிறுவனம் தொடங்கப்பட்டது 1996-இல். அவர் மத்தளம்பாறையில் குடியேறியது 2019-இல். இடைப்பட்ட 23 ஆண்டுகளில் வெளி முதலீட்டாளர் எவரையும் சேர்க்காமல், ஈட்டிய வருவாயைக் கொண்டே எப்படி வளர்ந்தார்கள் என்பதுதான் மாணவர் கேட்க வேண்டிய கதை. கிராமத்துச் சைக்கிள் படம் மட்டுமே அவர்களை எட்டியிருக்கிறது.

இன்னும் அருகிலேயே ஒரு பாடம் கிடக்கிறது. செப்டம்பர் 5 வந்தால் கப்பலோட்டிய தமிழரைப் பற்றிப் பேச்சுப் போட்டி நடத்தாத கல்லூரி இங்கு இல்லை. அவரைத் தியாகியாக மட்டுமே பேசுகிறோம். வணிகவியல் வகுப்பறைக்குள் வ.உ.சி.யை அழைத்துச் சென்றவர்கள் மிகச் சிலர்.

1906 அக்டோபரில் பதிவான சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் மூலதன இலக்கு 10 லட்சம் ரூபாய், ரூ.25 வீதம் 40,000 பங்குகள். சாதாரண வணிகரும் வாங்கக்கூடிய சிறு பங்குகளாகப் பிரித்ததே ஒரு தொழில் அறிவு. தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்கு எடுத்தார்கள். போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் கொடுத்த நெருக்கடியில் அந்த ஏற்பாடு முறிந்தது. தொழிலின் உயிர்நாடியான ஒரு பொருளுக்கு ஒரே ஒருவரை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்தப் பாடநூலில் இருக்கிறது? அதன் பிறகே பொருள் திரட்டி, 1907-இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்களை வாங்கினார்கள்.

அடுத்து வந்தது கட்டணப் போர். தூத்துக்குடி - கொழும்புப் பயணக் கட்டணத்தை வெள்ளையர் நிறுவனம் ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி நிறுவனம் எட்டணாவுக்கு இறங்கியது. எதிர்த்தரப்பு, கட்டணமே வேண்டாம், குடையும் இலவசம் என்றது. பெரும் மூலதனம் உள்ளவன் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருப்பான். சிறியவனால் எத்தனை மாதம் முடியும்? இன்று இணையத் தள்ளுபடிகளுக்கு முன் நிற்கும் டவுன் ரதவீதிக் கடைக்காரரின் கேள்வியும் இதுவே. ஆதிக்க நிலையில் இருப்பவர் போட்டியாளரை ஒழிக்கும் நோக்குடன் விலையைக் குறைப்பதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது. வ.உ.சி.க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அரசே எதிர்த்தரப்பில் நின்றது. 1908 மார்ச் 12-இல் அவர் கைதானார். 1911-க்குள் நிறுவனம் கலைந்து, கப்பல் போட்டியாளரிடமே விலைபோனது. ஆ.இரா.வேங்கடாசலபதி இந்த வரலாற்றை விரிவாக ஆய்ந்து நூலாக்கியிருக்கிறார். ஒரு பருவம் முழுவதும் நடத்தலாம்.

அப்பளத்துக்கு வருவோம். அந்த மாணவியையே கணக்குப் போடச் சொன்னேன். உளுந்து மாவு, எண்ணெய், உறை, உதவிக்கு வரும் இரு பெண்களின் கூலி என நாளொன்றுக்கு ரூ.3,000 செலவு என்று எழுதினார். கடைக்காரர்கள் 45-ஆம் நாள் பணம் தருவதாக வைத்துக்கொண்டால், நாள் தவறாமல் வேலை நடக்குமானால், முதல் ரூபாய் திரும்பி வருவதற்குள் ரூ.1,35,000 வெளியே போயிருக்கும். சங்கிலிக்குக் கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதி சரக்காகவும் பாக்கியாகவும் அடுத்தவர் கடை அலமாரியில் இருக்கும். சாரல் காலத்திலும் ஐப்பசி மழையிலும் அப்பளம் உலராது. அடகு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

நாளொன்றுக்கு ரூ.300 இலாபம் என்று கடைசி வரியில் இருந்தது. அம்மாவின் கூலியை எங்கே எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். எழுதவில்லை. இப்போது பிறரிடம் வேலை செய்து தாயார் ஈட்டும் கூலியைச் செலவில் சேர்த்தபோது, அந்த ரூ.300-இல் மிஞ்சியது மிகச் சொற்பம். அவர் இலாபம் என்று எண்ணியிருந்தது பெரும்பாலும் தாயாரின் உழைப்பு. மாணவி நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக் கொண்டிருந்தார். அவரைச் சோர்வடையச் செய்துவிட்டேனோ என்று எனக்கே உறுத்தலாக இருந்தது.

அரசின் உதவிகளைப் பற்றியும் அவருக்குத் தவறான புரிதல் இருந்தது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 15 முதல் 35 விழுக்காடு வரை மானியம் உண்டு. ஆனால், அத்தொகை மூன்றாண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, பிறகே கடனில் கழிக்கப்படும். கையில் கிடைக்கும் பணம் என்று எண்ணித் திட்டமிடுபவர்கள் ஏமாந்து போகிறார்கள். அதேபோல, சிறு உற்பத்தியாளருக்கு வாங்குபவர் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர் மீது எந்த அப்பளக்காரர் புகார் கொடுப்பார் என்பது வேறு கேள்வி. இருந்தாலும், இப்படி ஒரு சட்டம் உண்டு என்பதாவது கல்லூரியைவிட்டுப் போகும்போது தெரிந்திருக்க வேண்டாமா?

இவற்றைச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. எந்தக் கடன் விண்ணப்பத்தை ஏன் திருப்பி அனுப்பினேன் என்று விளக்கக்கூடிய வங்கிக் கிளை மேலாளர், மாவட்டத் தொழில் மையத்தின் அலுவலர், நூறு கடைகளின் வரவு செலவைப் பார்த்திருக்கும் ஆடிட்டர் ஆகியோரைக் கல்லூரிகள் அழைக்கலாம். வென்றவரையும் அழைக்கலாம், முதல் மூன்றாண்டுப் பேரேட்டுடன் வருமாறு கேட்டுக் கொண்டால் போதும். கடையை மூடியவர் ஒருவரையும் அவசியம் அழைக்க வேண்டும். அதே மரியாதையுடன், அதே பொன்னாடையுடன்.

நான் ஓய்வு பெறும் ஆண்டில் நோட்டுப் புத்தக மாணவரை அப்படி அழைத்தேன். தோற்றவனுக்கு என்ன பேச்சு என்று மும்முறை மறுத்தார். பிறகு வந்தார். பேச்சென்று எதுவும் அவர் தயாரித்திருக்கவில்லை. வசூலாகாத பாக்கிகள் எழுதிய பழைய நீளநோட்டு ஒன்றை மட்டும் மேசைமேல் வைத்தார். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கிய கூட்டம் கல்லூரிப் பேருந்துகள் புறப்படும்வரை நீண்டது.

அப்பள மாணவி சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். அம்பாசமுத்திரத்தில் நான்கு கடைகளில் விசாரித்திருக்கிறார். இரண்டு கடைகள் ஒரு மாதத் தவணை கேட்கின்றன. ஒன்று, விற்ற பிறகுதான் பணம் என்கிறது. நான்காவது கடைக்காரர் விலையைக் கொஞ்சம் குறைத்தால் ரொக்கமாகவே தருவதாகச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு குறைக்கலாம் என்று தாயாருடன் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொண்டிருப்பதாகச் சொன்னார். சங்கிலி இன்னும் தாயார் கழுத்தில்தான் இருக்கிறது.