எது செல்லாக் காசு?

பிள்ளையார்பட்டிக்குப் போகிறவன் கற்பக விநாயகரைத் தரிசித்துவிட்டுப் பேசாமல் பஸ் ஏறிவிட வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நண்பர் ஒருவர், "நம்ம வீட்டுக் காசுகளைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு ஏற்பட்ட வயிற்றெரிச்சல்தான் இந்தக் கட்டுரை.

நண்பர் காசுப் பித்தர். பத்து வருஷமாகச் சேர்க்கிறார். பாட்டனார் பெட்டகத்தில் கிடந்தவை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியவை, தெரிந்தவர்கள் கொடுத்தவை என்று நாலாயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டன. முதலில் ஒரு பிஸ்கட் டப்பா. பிறகு நாலு டப்பா. இப்போது பன்னிரண்டு ஆல்பங்கள். பொன் தனி, வெள்ளி தனி, செம்பு தனி. அதற்குள் ராணி தனி, ராஜா தனி. அதற்குள்ளும் பெரியது, சிறியது. ஒவ்வொரு காசும் நேற்றுத்தான் தங்கசாலையை விட்டு வந்ததுபோல மின்னியது.

ஒரு பக்கத்தில் மயில் ரூபாய்கள் இருந்தன. பர்மாவை ஆண்ட மிண்டோன் மன்னர் காலத்து வெள்ளிக் காசு. மயில் தோகையை விரித்துக்கொண்டு நிற்கும். மொத்தம் பதினொன்று. "இவை எப்படி வந்தன?" என்று கேட்டேன்.

"இரண்டோ மூன்றோ கடையில் வாங்கியவை. மற்றவை ஐயா ரங்கூனிலிருந்து கொண்டு வந்தவை. எது எது என்று இப்போது சொல்ல முடியாது. எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது!"

ஒரே மாதிரி இருக்கும்படி செய்தது யார்? அவர்தான். சில காசுகளின் விளிம்பில் பற்று வைத்த அடையாளமாக வெள்ளித் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்ததாம். அழகைக் கெடுக்கிறது என்று ஆசாரியிடம் கொடுத்து அராவிவிட்டாராம். பிறகு புளி, பிறகு விபூதி, பிறகு ஆல்பம்!

வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவருடைய தாயார், எண்பது வயதைக் கடந்த ஆச்சி, அப்போதுதான் வாயைத் திறந்தார். "அதெல்லாம் ஒரு மஞ்சத்துணி முடிச்சுல இருந்துச்சப்பா. உள்ளே ஒரு சீட்டும் கெடந்துச்சு. ஒரு பர்மாக்காரி கழுத்துல கோத்துப் போட்டிருந்த காசுகளாம். கிட்டங்கியில அடகு வச்சிருந்தாளாம். சண்டை வந்து எல்லாரும் ஓடி வந்தப்ப, இதை விட்டுட்டு வர மனசில்லாம மடியில கட்டிக்கிட்டு வந்துட்டாக. 'யாரு பொருளோ, வந்து கேட்டா குடுக்கணும்'னு மாமா சொல்லிக்கிட்டே இருப்பாக. அவ பேரு அந்தச் சீட்டுலதான் எழுதியிருந்துச்சு."

"சீட்டு எங்கே?" என்று நண்பரைப் பார்த்தேன்.

"பூச்சி அரித்த தாள். துணியும் இற்றுப்போயிருந்தது. சுத்தம் பண்ணும்போது போட்டுவிட்டேன்."

வாசகர்களே, 1942-ஆம் வருஷம் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது நம்மவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவர்கள் பல்லாயிரம் பேர். வழியில் மாண்டவர்களும் பலர். அந்த நெருக்கடியிலும் ஒரு மனிதர் தமக்குச் சொந்தமில்லாத காசுகளையும், அவை யாருக்குச் சொந்தம் என்ற சீட்டையும் சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். யுத்தம் தின்னாத சீட்டை, குண்டு தின்னாத சீட்டை, ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம் தின்றுவிட்டது. பற்று வைத்த அடையாளம் ஒன்றுதான் மிச்சமிருந்த சாட்சி. அதையும் அரம் தின்றுவிட்டது.

நண்பரை மட்டும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இன்று நாணயம் சேர்க்கும் பெரும்பாலோர் செய்வது இதுதான். காசு ஒரு நகை என்று நினைக்கிறார்கள். அது ஒரு கடிதம் என்பதை மறந்துவிடுகிறார்கள். கடிதத்தில் எழுத்தை அழித்துவிட்டுக் காகிதத்தைப் பத்திரப்படுத்துகிறவனை நாம் என்னவென்று சொல்லுவோம்?

முதல் குற்றம், தேய்ப்பது. செட்டிநாட்டில் செம்புக் குடத்தையும் பித்தளை விளக்கையும் புளியிட்டுத் துலக்குவது வழக்கம். குடத்துக்கு அது நல்லது. புளியில் இருப்பது அமிலம். காசின் மேல் தோலை அது அரிக்கிறது. பல பத்தாண்டுகளாகச் செம்பின் மேல் படிந்த பழுப்பு நிறம் அழுக்கல்ல. உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அதுவே போர்வை. வெள்ளியின் கறுப்பை விபூதியால் தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் போகிறது. மயிலின் தோகையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. மாவுபோல உதிர்ந்து பரவுகிற பச்சைக் களிம்பு மட்டும் வேறு விஷயம். அது நோய். அந்தக் காசைத் தனியே பிரித்து, ஈரமில்லாத இடத்தில் வைத்து, தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். மற்றவற்றைச் சும்மா விடுவதே பெரிய வைத்தியம்.

இரண்டாவது குற்றம், கண்டதில் அடைப்பது. நண்பருடைய ஆல்பத்தைத் திறந்தால் புது மழைக்கோட்டு வாசனை அடித்தது. அந்த வகை வழவழப்பான பி.வி.சி. பிளாஸ்டிக் நாளாக ஆக அமிலத்தைக் கக்கும். செம்புக் காசின் மேல் பச்சைப் பிசுக்கு ஏறும். ரப்பர் வளையத்திலும் மட்டமான அட்டையிலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பாட்டன் காலத்து மரப்பெட்டி பார்க்க லட்சணமாக இருக்கலாம். மரத்திலிருந்து கசியும் ஆவி ஈயக் காசை வெளுத்துப் பொடியாக்கிவிடும். அமிலம் நீக்கிய காகித உறையோ, பாலியெஸ்டர் தாள் உறையோ, அதை அடுக்க ஓர் எஃகு இழுப்பறையோ இருந்தால் போதும்.

மூன்றாவது குற்றம்தான் மகாபாதகம். அது பிரிப்பது, பிரித்து மறப்பது. ஒன்றாக வந்ததைப் பிரித்து, எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் விடுவது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்திலிருந்தே சாட்சி சொல்கிறேன். 1898-ஆம் வருஷம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் ரோமாபுரிப் பொற்காசுகள் ஒரு குவியலாகக் கிடைத்தன. எண்ணிப் பார்த்தார்கள்: 501. அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு! ஏன் வெட்டினார்கள், இனி இது காசாகச் செலாவணியாகக் கூடாது என்பதற்கா என்று இன்றுவரை அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். அந்த விவாதம் எப்படிச் சாத்தியமாயிற்று? இன்ன ஊர், இன்ன வருஷம், இத்தனை காசு, இவற்றில் தழும்பு என்று ஒருவர் உட்கார்ந்து எழுதிப் பிரசுரித்ததால். அந்த வெட்டுக் காசுகளில் ஒன்று தனியாக நம் நண்பர் கையில் கிடைத்திருந்தால்? ஆசாரியைக் கூப்பிட்டுத் தழும்பை அடைத்திருப்பார்!

சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2021-ஆம் வருஷம் ஒரு வெள்ளி முத்திரைக் காசு கிடைத்தது. அதே வகைக் காசு பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கும். கீழடிக் காசை நாடே பேசிற்று. கடைக் காசை யாரும் பேசுவதில்லை. அது எந்த மண் அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பது தெரியும். இது எங்கே கிடந்தது என்று விற்றவனுக்கே தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டான். மண்ணிலிருந்து எடுத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துச் சட்டம் இருப்பதும் அவனுடைய மௌனத்துக்கு ஒரு காரணம்.

புதுக்கோட்டை அம்மன் காசை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நகத்தளவு செம்பு. ஒரு பக்கம் அம்மன். மறு பக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. வருஷம் எதுவும் இல்லை. சமஸ்தான காலத்தில் நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் வழங்கி வந்தார்கள். 'என் அப்பத்தா சிறு வயதில் நவராத்திரி அரிசியோடு வாங்கி வந்தது' என்று ஒரு வரி எழுதி வைத்தால் அதற்கு வாய் முளைக்கும். எழுதாவிட்டால், அது ஊமை.

"நாங்கள் என்ன ஆராய்ச்சியாளர்களா? இது எங்கள் பொழுதுபோக்கு; இதிலும் எழுத்து வேலையா?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: நீங்கள் யாருடைய பேரர்கள்? ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கைப்பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் எழுதியவர்களின் பேரர்கள் அல்லவா? ஒரு தம்பிடி இடித்தால் விளக்கேற்றி வைத்துக்கொண்டு தேடிய பரம்பரை! வரவு எழுதாத காசைத் தம்முடையது என்று சொல்ல அவர்கள் நாக்கூசியிருப்பார்கள். அவர்களுடைய காசை ஆல்பத்தில் ஒட்டிவிட்டு, அவர்களுடைய கணக்கைக் குப்பையில் கொட்டுவது என்ன வாரிசுரிமை?

இந்தப் பேரேட்டு முறையே காசு சேர்க்கிறவனுக்குச் சாலச் சிறந்தது. ராஜா வாரியாக அடுக்கினால், புதிதாகப் பத்துக் காசு வந்ததும் ஆல்பம் முழுவதையும் கலைத்து அடுக்க வேண்டும். ஒவ்வொரு கலைப்பிலும் எது எங்கிருந்து வந்தது என்பது கொஞ்சம் மறந்துபோகும். வந்த வரிசையில் எண் போடுங்கள். முதல் காசு 1, அடுத்தது 2. பெட்டி வளர்ந்தாலும் எண் மாறாது. எண்ணை உறையில் எழுதுங்கள். காசைத் தொட வேண்டாம். நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணுக்கு எதிரே யாரிடமிருந்து, எந்த ஊரில், என்றைக்கு வந்தது, எடை எவ்வளவு, இரு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். ஒரு முடிச்சில் வந்தவற்றை அடுத்தடுத்த எண்ணில் வைத்து, முடிச்சுத் துணிக்கும் சீட்டுக்கும்கூட அதே வரிசையில் எண் கொடுங்கள். விக்டோரியா காசுகள் எவை என்று பார்க்க வேண்டுமானால், கடைசிப் பக்கத்தில் அவற்றின் எண்களைக் குறித்துக்கொண்டால் தீர்ந்தது. தெரியாததற்குத் 'தெரியாது' என்று எழுதுங்கள். அதுவும் யோக்கியமான கணக்குத்தான்.

நாலாயிரத்துக்கும் எழுத நேரம் ஏது என்றால், சேர்ப்பதை நிறுத்துங்கள். எழுதி முடிக்கும் வரை அடுத்த காசை வாங்காதீர்கள். நூறு காசு கணக்கோடு இருப்பது நாலாயிரம் காசு கணக்கில்லாமல் இருப்பதைவிடப் பெரிய சொத்து.

நாலணாவைச் சர்க்கார் 2011 ஜூன் மாத முடிவோடு செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் முதல் சம்பளத்தில் மிஞ்சிய நாலணா இது என்று தாத்தா எழுதி வைத்திருந்தால், அந்த வீட்டில் அது என்றைக்கும் செல்லும். வரலாற்றைத் துடைத்துவிட்டு மின்னுகிறதே, அந்த மயில் ரூபாய், அதுதான் என் கணக்கில் செல்லாக் காசு.

விடைபெறும்போது நண்பர் தயங்கித் தயங்கி, "இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்டார். கோபம் ஆறியிருந்ததால் சொன்னேன்: "ஆல்பத்தை அப்படியே விடுங்கள். இன்று ராத்திரியே ஒரு நோட்டு வாங்கி, ஆத்தா பக்கத்தில் உட்காருங்கள். ஐயாவைப் பற்றி, அந்த முடிச்சைப் பற்றி, அந்தப் பர்மாக்காரியைப் பற்றி, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். வெள்ளி இன்னும் இருநூறு வருஷம் இருக்கும். அவசரம் அதற்கல்ல."

ஆச்சி தூணில் சாய்ந்தபடியே சிரித்தார். "பேரு நாக்கு நுனியில நிக்குதப்பா... ஏதோ 'மா'ன்னு வரும்" என்றார்.