எண் உண்டு, ஏடு இல்லை

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகவே, ராதாபுரம் வட்டத்தின் பனையேறிகள் வீட்டிலும் மீனவர் வீட்டிலும் பலவற்றுள் முதல் கணினி நுழைந்தது. முதற்கட்டத்தில் வந்தவை பதினான்கு வயதைக் கடந்துவிட்டன. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்தது. 2 ஜிபி நினைவகம் கொண்ட இப்பழங்கணினிகளை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கவைக்க வல்லவை ஆன்டிஎக்ஸ், பப்பி போன்ற எடை குறைந்த லினக்ஸ் வழங்கல்களே.

ஆனால் நிறுவி முடித்ததும் வைஃபை தென்படுவதில்லை, ஒலி எழுவதில்லை. "லினக்ஸ் நமக்கு ஒத்துவராது" என்று தீர்ப்புச் சொல்லிக் கணினியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். இத்தீர்ப்பு தவறானது. அதைத் திருத்தும் கடமை கணினி படித்தோருக்கு மட்டுமன்று, தமிழ் படித்தோருக்கும் உண்டு என்பது நம் துணிபு.

வன்பொருள் தென்படவில்லை என்று நாம் சொல்வது பெரும்பாலும் உண்மையன்று. கணினிக்குள் உள்ள ஒவ்வோர் உறுப்பும் தன் நிறுவன எண்ணையும் கருவி எண்ணையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. இன்டெல்லின் எண் 8086. 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட செயலியின் பெயரே அது. பிராட்காமின் எண் 14இ4. இந்த எண்ணைக் கண்டு உரிய இயக்கியை ஏற்றுவது கருனலின் வேலை. ஆயினும் சில வைஃபை உறுப்புகளுக்கு இயக்கி மட்டும் போதாது. ஃபர்ம்வேர் என்னும் சிறு கோப்பும் வேண்டும். கோதையாற்றுப் பாசனத்திலிருந்து வரும் ராதாபுரம் கால்வாயை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கால்வாய் இருந்தும் மடை திறவாவிட்டால் வயலுக்கு நீர் இல்லை. இயக்கி கால்வாய் என்றால் ஃபர்ம்வேர் மடை.

அந்த மடை ஏன் அடைபட்டது? டெபியன் குழுவினர் கட்டற்ற உரிமத்தில் அடங்காத ஃபர்ம்வேர் கோப்புகளை, 2011 பிப்ரவரியில் வந்த தம் 6ஆம் பதிப்பின் கருனலிலிருந்து கொள்கை கருதி விலக்கினர். மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அக்கணினிகளில் விண்டோஸுடன் இடம்பெற்ற பாஸ் லினக்ஸும் டெபியனை அடியொற்றியதே. பின்னர் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பின் நிறுவியில் அக்கோப்புகளை டெபியன் சேர்த்துக்கொண்டது. எடை குறைந்த வழங்கல்களின் சிக்கலோ வேறு வகையானது. முழு ஃபர்ம்வேர்த் தொகுப்பு பல நூறு மெகாபைட் அளவினது. சிறுமையே பெருமை எனக் கொண்ட வழங்கல் எதையேனும் விட்டுத்தான் ஆக வேண்டும். விட்டது நம் கணினிக்கு வேண்டியதாகவும் அமைந்துவிடலாம்.

ஆகவே வழி எளிது. முதலில் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்க வேண்டும். 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்ற கட்டளை உறுப்பின் எண்ணையும், அதை ஏற்றுள்ள இயக்கியையும் காட்டும். யுஎஸ்பி உறுப்புகளின் எண்ணுக்கு 'எல்எஸ்யுஎஸ்பி'. இயக்கி இருந்தும் உறுப்பு இயங்காவிடில், 'டிமெசேஜ்' கட்டளை தரும் கருனலின் செய்திகளில் எந்த ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்ற குறிப்பு இருக்கும். பொத்தானால் வைஃபை அணைக்கப்பட்டுள்ளதா என்பதை 'ஆர்எஃப்கில்' சொல்லும். வைஃபை இல்லாதபோது செல்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து இணையம் பெற்று, விடுபட்ட கோப்பை இறக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு எளிதான வழி மாணவனைச் சென்று சேராதது ஏன்? தன்னார்வலர்களின் உழைப்பால் பட்டியல்களும் பொத்தான்களும் தமிழாயின. பழுது நேரும்போது திரையில் ஓடும் செய்திகள் மட்டும் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டன. வாசலில் தமிழ்க் கோலம் இட்டோம். அடுக்களைக்குள் தமிழ் நுழையவில்லை. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் போன்ற இதழ்கள் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருவது உண்மை, அவ்வுழைப்பு போற்றத்தக்கது. ஆனால் அது சிலர் தோளில் மட்டுமே நிற்கிறது.

ஆங்கிலத்தில்தான் எல்லாம் கிடைக்கிறதே, இன்று செல்பேசியே மொழிபெயர்த்துத் தருகிறதே என்று கேட்கலாம். நாம் வேண்டுவது மொழிபெயர்ப்பு அன்று. மடிக்கணினிகளை ஆண்டுதோறும் வெவ்வேறு நிறுவனங்கள் வழங்கின. நம் பள்ளிகளுக்கு வந்த எந்த மாதிரியில் எந்த வைஃபை உறுப்பு இருக்கிறது, எந்தக் கோப்பை இட்டதும் அது இயங்கியது என்பதை நமக்காக வேறெவர் எழுதிவைப்பார்? இந்த அறிவு பழுது பார்த்தவரின் நினைவோடு நின்று மறைந்துவிடுகிறது. ஏட்டில் ஏறாத அறிவுக்கு என்ன நேரும் என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரு கணினிக்கு ஐந்து வரி போதும்: மாதிரிப் பெயர், உறுப்பின் எண், இயக்கி, ஃபர்ம்வேர் கோப்பு, கிடைத்த விளைவு. கல்லூரிதோறும் கணினித்துறையினர் சோதிக்கட்டும். தமிழ்த்துறையினர் தெளிந்த தமிழில் எழுதிப் பொதுவில் வைக்கட்டும். நூறு கணினிகளைப் பற்றி அவ்வாறு எழுதிவைத்தால், நூற்றோராவது கணினியைத் திறக்கும் மாணவன் பரணைத் தேடமாட்டான்.