தோய்ச்சலுக்கு முன்னா, பின்னா?

இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பம் பற்றை வளர்ந்த காணியைத் துப்பரவாக்க முதலில் தேடுவது காட்டுக்கத்தி, கோடரி, மண்வெட்டி ஆகியவற்றையே. கையிலிருந்த சிறு பணத்தில் வாங்கிய கத்தியின் வாய் முதல் நாளே மடங்கினால், பணமும் வீண், அன்றைய வேலையும் வீண். "இரும்பு சரியில்லை" என்று கொல்லரைக் குறை சொல்கிறோம். ஆனால் பல வேளைகளில் பிழை இரும்பில் இல்லை. சாணை பிடித்த முறையிலேயே இருக்கிறது.

கத்தியைத் தோய்ச்சலுக்கு முன் சாணை பிடிப்பதா, பின் பிடிப்பதா? பெரிய வேலை முன்னர், கடைசி வாய் பின்னர் என்பதே எமது கருத்து.

பழைய லொறி வில்லுத்தகடு நல்ல உருக்கு. அதை அடித்து, மெதுவாக ஆறவிட்டால் மென்மையாக இருக்கும். அரம் இலகுவாகப் பிடிக்கும். ஆகவே வடிவத்தையும் சரிவையும் அப்போதே எடுத்துவிட வேண்டும். ஆனால் வாயை முழுதாக மெலிதாக்கக் கூடாது. மெல்லிய வாய் உலையில் முதுகுக்கு முன்பே மிகையாகக் காய்ந்து கருகும். எண்ணெயில் தோய்க்கும்போது வளையும், வெடிக்கவும் கூடும். 1 முதல் 1½ மில்லிமீற்றர் வரை தடிப்பு விட்டால் போதும்.

பின்பு காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, இன்னும் சற்றுச் சூடாக்கி, எண்ணெயில் தோய்க்க வேண்டும். அந்நிலையில் கத்தி கண்ணாடிபோல் உடையும். எனவே தாமதியாமல் மறுபடி மெல்லச் சூடுகாட்ட வேண்டும். மினுக்கிய இடம் வைக்கோல் மஞ்சளாகி, மண்ணிறமாகி, ஊதாவாகி, ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில் நீலமாகும். காட்டுக்கத்திக்கு மண்ணிறமும் ஊதாவும் கலந்த நிலை பொருந்தும்.

இதற்குப் பிறகே ஆபத்து. மின்சாரச் சாணையில் தண்ணீரின்றி அழுத்திப் பிடித்தால், வாய் சில விநாடிகளில் நீலமாகிவிடும். அந்த இடத்தின் உரம் போய்விட்டது. நீலத்தை மினுக்கி அழித்தாலும் உரம் திரும்பாது. மென்மையான பகுதி முழுவதையும் தேய்த்தெடுக்க வேண்டும், அல்லது மறுபடி தோய்ச்சல் போட வேண்டும்.

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதபோது அரமும் கல்லுமே துணை. வேலை மெதுவாக நடந்தது; ஆனால் வாய் கருக வழியில்லை. மின்சாரச் சாணை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெறுங்கையால் கத்தியைப் பிடியுங்கள். விரல் சுடுமுன் தண்ணீரில் தோயுங்கள்.

ஆளுக்கொரு மலிவான சாணை வாங்குவதிலும், சங்கத்துக்கு ஒரு நல்ல தண்ணீர்ச் சாணைக்கல் வாங்குவதே மேல். புதுக் கத்தி வாங்கும்போதும், "கடைசி வாய் தண்ணீரில் பிடித்ததா?" என்று கொல்லரைக் கேளுங்கள். நல்ல தொழிலாளி அந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.