நெருப்புக் கேட்கும் உறவு

பேலியகொடை மத்திய மீன் சந்தையில் விடியுமுன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும். 2011இல் புறக்கோட்டை சென் ஜோன்ஸிலிருந்து இங்கே மாறிய சந்தை அது. மீன் பெட்டிகளை இறக்கி முடித்த நாட்டாமிகள் தேநீர்க் கடையடியில் கூடுவார்கள். ஒரு கையில் பிளேன்டீ, மறு கையில் உதிரியாக வாங்கிய ஒற்றைச் சிகரட். "மச்சான், நெருப்பு இருக்கா?" என்றால் போதும், சிங்களவரோ தமிழரோ முஸ்லிமோ, முன்பின் தெரியாதவரும் தீப்பெட்டியை நீட்டுவார். பாதி இழுத்ததைக் கூட்டாளிக்குக் கொடுப்பதும் உண்டு.

சும்மா நின்றால் முதலாளி ஏசுவார். சிகரட்டோடு நின்றால் ஐந்து நிமிடம் பொறுப்பார். புகைப்பவருக்கு அது ஓய்வுக்குக் கிடைத்த அனுமதி. எச்சரிக்கையும் அவரை எட்டுவதில்லை. 2015 முதல் இலங்கையில் சிகரட் பெட்டியின் 80 வீதத்தை நோய்ப் படங்கள் மறைக்கின்றன. ஆனால் உதிரியாக வாங்குபவர் அந்தப் பெட்டியைக் கையில் எடுப்பதே இல்லை.

"மனசு ஆறுது" என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். நிகோடின் சில விநாடிகளில் மூளையை எட்டுகிறது. குறையத் தொடங்கியதும் பதற்றம் ஏறுகிறது. முந்திய சிகரட் மூட்டிய பதற்றத்தைத்தான் அடுத்தது தணிக்கிறது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த கட்டுரை, புகையை விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததைக் காட்டியது.

நோய்ப் படம் மட்டும் போதாது. முதுகு முறியச் சுமப்பவருக்குச் சிகரட் இல்லாமலே உட்காரப் பத்து நிமிடமும் ஒரு வாங்கும் வேண்டும். சந்தை முதலாளிமாரே, முதலில் அதைக் கொடுங்கள்.