பின்வாசல் வழியாக வந்த டிரம்மர்

போன மாதம் சென்னையில் ஒரு கிளப்பில் ‘ஆல்டர்நேட்டிவ் - பங்க் நைட்’ என்று போஸ்டர் பார்த்துவிட்டுப் போனேன். நான்கு பேண்டுகள். நுழைவு 999 ரூபாய். மூன்றாவதாக வாசித்த பேண்டின் டிரம்மருக்கு வயது 19. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது கொடுக்கக் கூடாது என்று அவனை முன்வாசலில் விடவில்லை. கிச்சன் வழியாகக் கூட்டிவந்து, அரைமணி நேரம் வாசிக்கவைத்து, அதே வழியாகத் தெருவில் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த பேண்டைக் கேட்கக்கூட அவனுக்கு அனுமதி கிடையாது.

சிகரெட் பிடிக்க வெளியே வந்தபோது பார்த்தேன். யாருடைய பைக் மேலோ உட்கார்ந்து, சுவர் வழியாகக் கசியும் பேஸ் கிட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எங்க செட்ல வோக்கல்ஸ் கேட்டுச்சாண்ணா?”

கேட்கவே இல்லை. கேட்டுச்சு என்றேன். எவ்ளோ குடுத்தாங்க என்றதற்கு, “ஆளுக்கு ரெண்டு பியர் கூப்பன்ணா” என்றான். குடிக்கிற வயதில்லாதவனுக்குப் பியர் கூப்பன்! சிரிப்பு வந்தது, அப்புறம் ஆத்திரம்.

பங்க் என்று போஸ்டரில் போட்டுவிட்டு இந்த வேலையைச் செய்ய எப்படி மனசு வருது?

“வாடகை யார் கட்டுறது, லைசென்ஸ் ஃபீஸ் யார் கட்டுறது?” என்று கேட்பார்கள் என்று தெரியும். நியாயம்தான். ஆனால் 1973 கடைசியில் நியூயார்க்கின் பவரி தெருவில் ஹில்லி கிரிஸ்டல் திறந்த சிபிஜிபியும் ஒரு பார்தானே? தர்ம சத்திரமா நடத்தினார்? அதன் கழிவறையின் லட்சணம் உலகப் பிரசித்தம். இருந்தாலும் அங்கே இரண்டு வழக்கங்கள் இருந்தன. சொந்தப் பாட்டுதான் வாசிக்க வேண்டும். வாசல் வசூல் பேண்டுக்கு, பார் வசூல் கடைக்கு. 1974 ஆகஸ்டில் ராமோன்ஸ் முதன்முதலில் அங்கே மேடையேறினார்கள். சொதப்பினாலும் மறுபடி வந்து வாசிக்க ஓர் இடம் இருந்ததால்தான் அவர்கள் ராமோன்ஸ் ஆனார்கள். நான் போன இடத்தில் மூன்றாவது பாட்டிலேயே மேனேஜர் வந்து, “தெரிஞ்ச பாட்டா போடச் சொல்லுங்க” என்று மிக்ஸரில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வாஷிங்டனின் ஃபுகாசி இதைவிட ஒருபடி மேலே. டிக்கெட் ஐந்து டாலரை ஒட்டியே இருக்கும், எந்த வயதுக்காரரும் வரலாம். கூட்டத்தில் ஒருத்தன் மற்றவர்களை இடித்து மிதித்தால் பாட்டை நிறுத்துவார்கள். அவன் காசைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். பிகினி கில்லின் கேத்லீன் ஹன்னா, பெண்களை மேடைக்கு முன்னால் வரச் சொல்லி ஆண்களைப் பின்னால் தள்ளினார். இங்கே முன்வரிசையில் இடிபட்டு வந்த ஒரு பெண்ணிடம் பவுன்சர் சொன்னது: “அப்படித்தான் மேடம் இருக்கும்.” அவள் மிச்ச நேரம் முழுக்கக் கழிவறைப் பக்கத்துச் சுவரோரம் நின்றாள்.

(இதை எழுதும் நானும் அன்றைக்கு இரண்டு பியர் குடித்தேன். 999-இல் அதுவும் அடக்கம்.)

இன்னொரு கூட்டம் இருக்கிறது. “இந்த இரைச்சலுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?” என்று கேட்கிற நம்ம இலக்கியப் பெரியவர்கள். ஐயா, பறையையும் இரைச்சல் என்றுதான் இந்த ஊர் தள்ளி வைத்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றியபோது, குடிக்க ஒன்றும் விற்காத இடத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம் நின்றது. பார் இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்கிற கிளப்காரர்களின் புலம்பலை அதற்கப்புறம் நான் நம்புவதில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் கிடையாது. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்த ஹால் காலியாகத்தான் கிடக்கிறது. பாரை இழுத்து மூடுங்கள். 200 ரூபாய் டிக்கெட் போடுங்கள். கரண்டுக்கும் சவுண்ட்காரருக்கும் போக மிச்சம் வாசிக்கிறவர்களுக்கு. காலேஜ் பசங்க முன்வாசல் வழியாக வரட்டும்.

அன்றைக்குக் கிளம்பும்போது கவுண்டரில் கேட்டேன், இந்த 999-இல் பேண்டுக்கு எவ்வளவு போகும் என்று. அவருக்கு நிஜமாகவே கேள்வி புரியவில்லை. “பேண்டா? அவங்க வாசிக்கத்தான சார் வந்தாங்க?”