மறுபடி அறுந்த ஜவ்வு

ஆசிரியருக்கு,

முழங்கால் லிகமென்ட் அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரை பயனுள்ளது. ஆனால், ஒருமுறை பொருத்திய ஜவ்வு மறுபடி அறுந்தால் ‘இன்னொரு ஆபரேஷன் செய்துகொள்ளலாம்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். செய்துகொள்ளலாம்தான், முதல்முறை கிடைத்த பலனை அப்படியே எதிர்பார்க்க முடியாது.

முதலில், ஏன் அறுந்தது என்று பார்க்க வேண்டும். முதல் ஆபரேஷனில் ஜவ்வைப் பொருத்த எலும்பில் போட்ட துளை தவறான இடத்தில் இருந்தால் அதிலேயே புதியதைக் கட்டிப் பயனில்லை. துளை மிகவும் அகன்றிருந்தால் எலும்பு வைத்து அடைத்துவிட்டு, சில மாதம் காத்திருக்க நேரிடலாம். மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் மெனிஸ்கஸும் எலும்பு முனையை மூடிய குருத்தெலும்பும் ஏற்கெனவே சேதமாகியிருந்தால், ஜவ்வு நன்றாகப் பிடித்தாலும் வலி தொடரக்கூடும். அமெரிக்காவில் 1,200க்கும் மேற்பட்ட மறு அறுவை சிகிச்சை நோயாளிகளைக் கவனித்த ‘மார்ஸ்’ ஆய்வில், தானமாகப் பெற்ற திசுவைவிடச் சொந்தத் தசைநாரை வைத்தவர்களுக்கு மீண்டும் அறுவது இரண்டு ஆண்டுகளில் கணிசமாகக் குறைவு.

அமெரிக்கக் கால்பந்து வீரர் தாமஸ் டேவிஸ் ஒரே முழங்காலில் மூன்று முறை லிகமென்ட் அறுந்தும் 2012இல் களத்துக்குத் திரும்பினார். அவரை உதாரணம் காட்டும் உறவினர்களைக் கண்டாலே எனக்குப் பயம். அவர் தொழில்முறை அணி வீரர். பிசியோவுக்கு வர விடுப்புக் கேட்டு நிற்கும் நம் கபடி இளைஞனின் நிலை வேறு. ஆபரேஷனுக்குப் பின் ஒன்பது மாதம் முடிந்ததா என்று நாட்காட்டியை மட்டும் பார்க்காமல், தொடைத்தசையின் பலம் மறு காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்ததா என்று அளந்து பார்த்துவிட்டு அவனை மைதானத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

– ஒரு பிசியோதெரபிஸ்ட், மதுரை